ஆளைக் கொணர்க

சட்டநூல்களில் வழங்கும் சொற்களுட் பெரும்பாலானவை வழக்காடுவோர்க்கும் சட்டத்தரணிகளுக்குமே உரியவை. ஏனையோர் அவற்றைச் செவியுறாமலே வாழ்ந்து முடிக்கலாம். ஆயினும் ஒரு சொல் மாத்திரம் நம் குடாநாட்டில், பள்ளிக்கூட வாசலை மிதியாத தாய்மாரின் வாயிலும் பல ஆண்டுகளாக வழங்கி வருகின்றது. 'ஆட்கொணர்வு மனு' என்பதே அச்சொல். மானிப்பாயிலும் அயலூர்களிலும் தமிழாசிரியனாகக் காலங்கழித்த நான் சட்டம் பயின்றவனல்லன். எனினும் ஆசிரியன் என்றால் எழுதத் தெரிந்தவன் என்று நம்பி, விண்ணப்பம் எழுதித் தரும்படி என்னிடம் வந்தோர் பலர். அவர்களால் இச்சொல்லின் பொருளை நானும் சிறிது ஆராயும்படி நேர்ந்தது. அந்த ஆராய்ச்சியின் பயனை இலக்கிய அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

'ஹேபியஸ் கோர்ப்பஸ்' என்னும் இலத்தீன் தொடருக்கு 'நீ உடலைக் கொண்டிருப்பாயாக', அதாவது 'ஆளைக் கொணர்ந்து நிறுத்துவாயாக' என்பது கருத்து. ஒருவனைச் சிறையிலோ முகாமிலோ அடைத்து வைத்திருப்பவனை நோக்கி நீதிமன்றம் விடுக்கும் கட்டளை இது. 'நீ பிடித்து வைத்திருக்கும் ஆளை என்முன் கொண்டு வா. எந்தச் சட்டம் தந்த அதிகாரத்தால் அவனைப் பிடித்தாய் என்று சொல். சொல்ல இயலாவிடின் அவனை விட்டுவிடு' என்பதே அதன் சாரம். பிடிபட்டவன் குற்றவாளியா, நிரபராதியா என்ற விசாரணை இங்கே எழுவதில்லை. கூண்டில் நிற்க வேண்டியவன் கைதியல்லன். அவனைக் காவலில் வைத்தவனே விடை கூற வேண்டியவன். ஏனைய வழக்குகளுக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவாகும்.

தமிழறிந்தார்க்கு இவ்விடத்திற் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமற் போகாது. பாண்டியன் அவையில் நடந்த தவறு யாது? பொற்கொல்லனின் சொல்லைக் கேட்ட மன்னன் சிலம்பைக் கொணரும்படி காவலர்க்கு ஆணையிட்டான். கோவலனைக் கொணரும்படி ஆணையிட்டானல்லன். அந்த ஓர் ஆள் உயிருடன் அவைக்கு வந்து, தன் வாயால் இரண்டு சொற் சொல்லியிருப்பின், சிலம்பினுள் மாணிக்கப் பரல் இருந்ததும் அரசியின் சிலம்பில் முத்து இருந்ததும் அப்பொழுதே வெளிப்பட்டிருக்கும். மதுரையும் எரிந்திராது. கண்ணகி வந்து வழக்குரைத்தபொழுது நீதி கிடைத்ததுதான். ஆனால் ஆள் இல்லை. காலம் கடந்து வந்த நீதியால் அரசனின் உயிர் போயிற்றே அன்றிக் கோவலனின் உயிர் மீளவில்லை. ஊர்தோறும் கண்ணகை அம்மனுக்குக் கோயிலெடுத்துப் பொங்கலிடும் ஈழத்தவராகிய நாம் இக்கதையின் சட்டப் பொருளையும் உணர்தல் வேண்டும்.

இன்னொரு கதையும் நமக்கு உரியது. அநுராதபுரத்திலிருந்து அரசாண்ட எல்லாளன் தன் பள்ளியறையில் மணியொன்றைக் கட்டி, அதன் கயிற்றை வெளியே தொங்கவிட்டிருந்தான் என மகாவம்சம் கூறும். குறையுடையோர் எவரும் அக்கயிற்றை இழுக்கலாம். கன்றை இழந்த பசுவும் இழுத்தது. பகையரசனென்று பாராது மகாவம்ச ஆசிரியரே அவன் நடுநிலையைப் புகழ்ந்தார். எனினும் அந்த ஆராய்ச்சி மணிக்கு ஒரு குறை இருந்தது. மன்னன் நல்லவனாயிருக்கும் வரையிலேதான் மணிக்கு நாவுண்டு. அடுத்து வருபவன் கயிற்றை அறுத்துவிட்டால் யாரைக் கேட்பது? அரசனது குணத்தை நம்பியிராமல், அரசனையே விடை சொல்ல வைக்கும் மணியொன்று வேண்டுமென்று மேனாட்டார் சில நூற்றாண்டுகள் போராடினர். அப்போராட்டத்தின் விளைவே ஆட்கொணர்வு எழுத்தாணை. இங்கிலாந்திலே அது நீதிமன்ற வழக்காறாகத் தொடங்கி, 1679ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தால் உறுதிபெற்றது.

இலங்கைக்கு வந்த வகை

ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டில் தொகுத்துத் தந்த தேசவழமை நம்மவரின் காணி பூமிகளையும் சீதனத்தையும் முதுசத்தையும் காத்தது. ஆளின் உடலைக் காக்கும் இந்த ஆணையோ ஆங்கிலேயரின் நீதிமன்றங்களோடு வந்தது. 1801ஆம் ஆண்டில் இலங்கைக்கு உயர் நீதிமன்றம் ஏற்பட்டது. 1833ஆம் ஆண்டின் நீதிப் பட்டயமும் பின்னர் 1889ஆம் ஆண்டின் நீதிமன்றங்கள் கட்டளைச் சட்டமும் அந்நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு எழுத்தாணை விடுக்கும் அதிகாரத்தை வழங்கின. குடியேற்ற நாட்டு மக்களுக்கு வாக்குரிமை கிடைப்பதற்கு நெடுங்காலம் முன்னரே இந்த உரிமை ஏட்டில் இருந்தது. அஃது ஏட்டளவினதா, உண்மையானதா என்பதைச் சோதிக்கும் வாய்ப்பு 1937ஆம் ஆண்டில் வந்தது.

மார்க் அந்தனி லெஸ்டர் பிரேஸ்கேர்டில் என்பவர் இலண்டனிற் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்த இளைஞர். 1936ஆம் ஆண்டில் தேயிலைத் தோட்டத் தொழில் பழகுவதற்காக இலங்கைக்கு வந்து, மாத்தளைப் பகுதியில் ஒரு தோட்டத்திற் சேர்ந்தார். அங்கே நம் இனத் தொழிலாளர் நடத்தப்பட்ட முறையைக் கண்டு மனம் பொறாது அவர்கள் பக்கம் பேசினார், வேலை போயிற்று. பின்னர் லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்து மேடையேறினார். 1937 ஏப்ரில் 3ஆந் திகதி நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில், வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரின் கொடுமைகளை வெள்ளைக்காரர் ஒருவரே எடுத்துரைத்தார். துரைமார் பதறினர். தேசாதிபதி சேர் றெஜினால்ட் ஸ்டப்ஸ், 48 மணித்தியாலத்துள் நாட்டைவிட்டு நீங்கும்படி ஏப்ரில் 22ஆந் திகதி கட்டளை அனுப்பினார்.

பிரேஸ்கேர்டில் கப்பலேறவில்லை, தலைமறைவானார். மே 5ஆந் திகதி கொழும்புக் காலிமுகத் திடலிற் பல்லாயிரவர் கூடிய கூட்டத்திலே திடீரெனத் தோன்றிப் பேசினார். அரசாங்க சபையும் தேசாதிபதியின் செயலைப் பெரும்பான்மை வாக்குகளாற் கண்டித்தது. சில நாட்களுள் அவர் கைதாகவே, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலாயிற்று. எச். வி. பெரேரா அவருக்காகத் தோன்றினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ், நீதியரசர்கள் மார்ட்டென்ஸ், சோட்ஸ் ஆகிய மூவரும் மே 18ஆந் திகதி தீர்ப்பளித்தனர். தேசாதிபதி ஆதாரமாகக் காட்டியது 1896ஆம் ஆண்டின் முடியாணை ஒன்று. போர் முதலிய அவசர காலத்துக்கென ஏற்பட்ட அந்த அதிகாரத்தை, அமைதிக் காலத்திற் பேச்சுரிமையைப் பயன்படுத்திய ஒருவர்மீது பிரயோகிக்க இயலாது என்று அவர்கள் முடிவு செய்தனர். பிரேஸ்கேர்டில் விடுதலையானார்.

இவ்வழக்கிற் கவனிக்கத் தக்கவை இரண்டு. முடியினால் நியமிக்கப்பட்ட நீதியரசர்கள், அதே முடியின் பிரதிநிதியாகிய தேசாதிபதியை நோக்கி 'உமக்கு அதிகாரம் இல்லை' என்றனர் என்பது ஒன்று. கட்டளை பிறந்த நாளிலிருந்து விடுதலைத் தீர்ப்பு வரை ஒரு மாதங்கூட நிறையவில்லை என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது செய்தியை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் வரும் செய்திகளோடு அதனை ஒப்பிட வேண்டியிருக்கும்.

எங்கள் மானிப்பாயைச் சேர்ந்த ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் 1924ஆம் ஆண்டிலேயே மாணவர் காங்கிரசைத் தொடக்கி, சாதி இன பேதமற்ற சுதந்திர இலங்கையைப் பற்றிக் கனவு கண்டவர்கள். அத்தலைமுறையினருக்குப் பிரேஸ்கேர்டில் வழக்கின் பொருள் எளிதில் விளங்கியிருக்கும். மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளிக்காக வெள்ளையர் ஒருவர் பேச, அவருக்காகச் சிங்கள வழக்கறிஞர் வாதிட, பறங்கியரும் ஆங்கிலேயரும் அமர்ந்த நீதிமன்றம் அவரை விடுவித்தது. அன்று அந்த எழுத்தாணைக்கு முன் இனமும் மொழியும் குறுக்கே நிற்கவில்லை.

'கருதினேன்' என்ற சொல்

நிற்க. அமைதிக் காலத்தில் வென்ற உரிமை அவசர காலத்தில் எவ்வாறாயிற்று? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்திலேயே ஒரு வழக்கு எழுந்தது. ஒருவரைத் தடுத்து வைப்பதற்கு 'நியாயமான காரணம்' இருத்தல் வேண்டுமென்று விதி கூறிற்று. காரணம் இருப்பதாக மந்திரி கருதினாற் போதும், அதனை நீதிமன்றம் ஆராயாது என்று பிரபுக்கள் சபை 1941ஆம் ஆண்டிற் பெரும்பான்மையாகத் தீர்த்தது. அற்கின் பிரபு ஒருவரே மாறுபட்டார். காரணம் இருப்பது வேறு, இருப்பதாக ஒருவன் கருதுவது வேறு என்பதே அவர் வாதம்.

அவ்வாதத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்த வழக்குகளுள் ஒன்று நம் நாட்டிலிருந்து சென்றது என்பது பலர் அறியாதது. துணி வியாபாரி ஒருவரின் உரிமப்பத்திரத்தை இலங்கைத் துணிக் கட்டுப்பாட்டதிகாரி நீக்கிய விவகாரம் 1950ஆம் ஆண்டிற் கோமறைக் கழகம் வரை சென்றது. வியாபாரி வெல்லவில்லை. ஆயினும் 'நியாயமான காரணம் உண்டு' என்று விதி சொல்லுமிடத்து, அக்காரணம் உண்மையாகவே இருத்தல் வேண்டும். அதிகாரியின் வாய்ச்சொல் போதாது என்று கோமறைக் கழகம் கூறியது. வெறும் உரிமப்பத்திரத்துக்கே இவ்வளவு ஆராய்ச்சி உண்டெனின் ஒருவனது உடலுக்கு எவ்வளவு வேண்டும்!

எனினும் சட்டம் இயற்றுவோர் வேறு வழி கண்டனர். 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அவசரகால விதிகள் பிறந்தன. அவ்விதிகளின் தொடர்களோ அதிகாரியின் கருத்தையே அளவுகோலாக்கின. 1961ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகத்தின் பின் சா. ஜே. வே. செல்வநாயகம் முதலிய தமிழரசுக் கட்சியினர் பனாகொடை முகாமில் மாதக் கணக்கிற் காவலில் இருந்ததை மூத்தோர் அறிவர். சட்டம் கரைகண்ட இராணி வழக்கறிஞரும் வழக்கு விசாரணையின்றி இருக்க வேண்டியதாயிற்று. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக் காலத்தில் வந்த ஒரு வழக்கில், செயலாளர் ஒப்பமிட்ட தடுப்புக் கட்டளை முகத்தளவிற் சரியாயிருப்பின், தீய நோக்கம் காட்டப்பட்டாலன்றி அதனுள் நுழையமாட்டோம் என்ற போக்கை உயர் நீதிமன்றம் மேற்கொண்டது. அடுத்த ஆண்டிலேயே வேறொரு வழக்கிற் சிறிது வெளிச்சம் தெரிந்தது. கைது செய்த பொலிஸ் அதிகாரி தாமாகச் சந்தேகங் கொள்ளாது மேலதிகாரியின் ஏவலுக்காகவே கைது செய்தமையால் அக்கைது செல்லாது என்று பிரதம நீதியரசர் எச். என். ஜீ. பெர்னாண்டோ தீர்ப்பளித்தார்.

பின்னர் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. மந்திரியின் கட்டளையால் மும்மூன்று மாதமாகப் பதினெட்டு மாதம் வரை ஒருவரைத் தடுத்து வைக்கலாம் என்று 9ஆம் பிரிவு கூறிற்று. அக்கட்டளை இறுதியானது, எந்த நீதிமன்றிலும் அதை வினவலாகாது என்று 10ஆம் பிரிவு கூறிற்று. இவ்வளவுக்கும் ஆட்கொணர்வு உரிமையைச் சட்டம் வெளிப்படையாக ஒழிக்கவில்லை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 141ஆம் உறுப்புரையில் அதனை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வழங்கியே இருந்தது. மணி இருந்தது, அதன் ஒலி உள்ளே கேளாதபடி கதவு அடைக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் பதினெட்டு மாதத்தைப் பன்னிரண்டாக்கி, 10ஆம் பிரிவின் பழைய தடையையும் நீக்கியது. அதற்குள் 43 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

அயல்நாட்டுச் சான்று

இந்த நோய் நமக்கு மாத்திரம் உரியதன்று. பாரத நாட்டில் 1975ஆம் ஆண்டு நெருக்கடி நிலை வந்தபொழுது ஒன்பது மாநில உயர்நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்றன. ஆனால் 1976 ஏப்ரிலில் டில்லி உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில் அந்த உரிமை கிடையாது என்று நால்வர் பெரும்பான்மையால் தீர்த்தது. எச். ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். அதனாற் பிரதம நீதிபதிப் பதவி அவரைக் கடந்து இளையவருக்குச் சென்றது. அவர் கருத்தே சரியென்று அதே நீதிமன்றம் 2017ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது.

அதே நெருக்கடிக் காலத்திற் கேரளத்தின் கோழிக்கோட்டிலே ராஜன் என்னும் பொறியியல் மாணவன் பொலிசாரால் அழைத்துச் செல்லப்பட்டான். அவன் தந்தை ஈச்சர வாரியர் ஓர் இந்திப் பேராசிரியர். நெருக்கடி நிலை நீங்கியதும், 1977ஆம் ஆண்டில், அவர் கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். மகன் வரவில்லை. காவலிலே அவன் இறந்தமை வெளிப்பட்டது. அதன் விளைவாக, முதலமைச்சராகப் பதவியேற்று ஒரு மாதமே ஆகியிருந்த கருணாகரன் பதவி துறக்க நேர்ந்தது. ஆளைக் கொணர இயலாத மனுவும் அரசொன்றின் தலைவரைக் கீழிறக்க வல்லது என்பதற்கு இது சான்று.

ஆள் இல்லாவிடின்?

எங்கள் வாசிகசாலையில் ஒருநாள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபொழுது, பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணவி ஒருத்தி வினவினாள்: "ஐயா, ஆள் உயிரோடு இருந்தாலல்லவா கொண்டு வரலாம்? 'நாங்கள் பிடிக்கவே இல்லை' என்று அவர்கள் சொல்லிவிட்டால் இந்த மனுவால் என்ன பயன்?" இதுவே இக்கட்டுரையின் மையமான கேள்வி. பிரேஸ்கேர்டில் வழக்கில் அவர் எங்கே இருக்கிறார் என்பதில் ஐயமில்லை. அதிகாரம் உண்டா என்பதே விவகாரம். எண்பதுகளுக்குப் பின்னர் இந்நாட்டில் எழுந்த மனுக்களிற் பெரும்பாலானவற்றில் ஆளே மறுக்கப்பட்டான். சிறைக் கதவைத் திறப்பதற்கென ஏற்பட்ட திறவுகோலைக் கொண்டு, கதவே இல்லை என்று சொல்லும் சுவரைத் திறக்க வேண்டியதாயிற்று.

இவ்வினாவுக்கு நம் நீதிமன்றங்கள் விடையே கூறவில்லை என்பது நியாயமாகாது. 1989ஆம் ஆண்டிலே தென்னிலங்கையின் திக்வெல்லையிற் பொலிசாராற் கொண்டு செல்லப்பட்டுக் காணாமற்போன சிங்கள இளைஞருக்காகத் தாக்கலான மனுக்களில், 1994ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை அளித்தது. பிடித்தமை சாட்சியங்களால் நிறுவப்பட்டது. பிடித்தவர் ஆளையும் காட்டவில்லை, கணக்கும் சொல்லவில்லை. ஆகவே ஒவ்வொரு மனுதாரருக்கும் 100,000 ரூபா செலுத்துமாறு பொறுப்பான அதிகாரிக்கு நீதிமன்றம் கட்டளையிட்டது. திருகோணமலையில் 1990ஆம் ஆண்டில் இரு புதல்வரை இழந்த தந்தையின் மனுவோ மேன்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டு, 2005ஆம் ஆண்டில் முடிவு கண்டது. உயிர் வாழும் உரிமை என்ற பெயரில் நம் அரசியலமைப்பில் உறுப்புரை இல்லை. ஆயினும் 13ஆம் உறுப்புரையின் நாலாம் பந்திக்குள் அது மறைந்து கிடக்கிறது என அந்நீதிமன்றம் ஏற்றது. தெற்கே ஒரு சிங்களத் தாயும் கிழக்கே ஒரு தமிழ்த் தந்தையும் ஒரே கயிற்றையே இழுத்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆனால் இவை விதிவிலக்குகள். கிஷாலி பின்டோ ஜயவர்தன, ஜயந்த டி அல்மேதா குணரத்ன என்னும் சட்ட அறிஞர் இருவர் நூற்றுக்கணக்கான ஆட்கொணர்வுத் தீர்ப்புக்களை ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டனர். மிகப் பெரும்பாலான மனுக்கள் தள்ளுபடியாயின என்பதே அவர்கள் கண்ட உண்மை. மனுதாரர் தரும் சாட்சியத்திற் சிறு முரண்பாடு இருப்பினும் அது பெரிதாகக் கொள்ளப்படும். எதிர்த்தரப்பின் வெறும் மறுப்போ எளிதில் ஏற்கப்படும். மகனை இழந்த தாய் பத்தாண்டு கழித்துத் திகதி மாறிச் சொல்வதற்கும், முகாமின் பதிவேட்டைக் கொண்டுவராத அதிகாரியின் மௌனத்துக்கும் ஒரே நிறைகோல் பிடிக்கப்படவில்லை.

அருகிலுள்ள வாசல்

நீதிமன்றத்தின் தூரமும் ஒரு தடையாகும். முன்னர் இவ்வெழுத்தாணை வேண்டுவோர் கொழும்புப் புதுக்கடைக்கே போதல் வேண்டும். யாழ்தேவி ஓடாத காலமும் ஏ-9 வீதி மூடிய காலமும் நம்மில் யாருக்கும் மறவா. வடமராட்சியிலோ வலிகாமத்திலோ வாழும் விதவைத் தாய் ஒருத்தி, மொழி அறியாத நகரத்தில், தங்க இடமின்றி, தவணைதோறும் ஏறி இறங்குவது எவ்வாறு? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் வந்த நன்மைகளுள் அதிகம் பேசப்படாதது இதுதான்: 154 பி உறுப்புரையின்படி, மாகாணத்துள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டோர் பொருட்டு மாகாண மேல் நீதிமன்றமே ஆட்கொணர்வு எழுத்தாணை விடுக்கலாம். காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் வரவில்லை என்று வாதாடும் நாம், வந்துசேர்ந்த இந்த அதிகாரத்தின் அருமையை அளந்து பார்த்ததில்லை.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாறு இதற்கு நேர்மாறான திசையிற் சென்று அதே உண்மையைக் காட்டுகிறது. அங்கே மாநில நீதிமன்றங்கள் அருகில் இருந்தன. ஆனால் அருகிலிருப்போர் உள்ளூர்ப் பகைக்கும் நிறவெறிக்கும் ஆட்படுவர். ஆகவே உள்நாட்டுப் போரின் பின், 1867ஆம் ஆண்டுச் சட்டத்தால், மாநிலச் சிறையிலுள்ளவனும் தூரத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தின் வாசலைத் தட்டலாம் என்றாயிற்று. 1996ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஓராண்டுக் காலவரையறை முதலிய தடைகளால் அவ்வாசலைக் குறுக்கியது. எனினும், குவாந்தனாமோவில் அடைபட்ட அந்நியருக்கும் இவ்வுரிமை உண்டென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டில் முடிவு செய்தது. ஆராய்ந்து பார்த்தால், கைதிக்கு ஒரு வாசல் போதாது என்பது புலனாகும். எட்டக்கூடிய தூரத்தில் ஒன்றும், உள்ளூர்க் காற்றுப் படாத உயரத்தில் ஒன்றுமாக இரண்டு வாசல்கள் வேண்டும்.

அருகிலுள்ள வாசல் நமக்கு எவ்வாறு பயன்பட்டது? 1996ஆம் ஆண்டு நாவற்குழியில் நடந்த சுற்றிவளைப்பில் இராணுவத்தினர் பிடித்துச் சென்றதாகக் கூறப்படும் இளைஞர் 24 பேர் திரும்பி வரவில்லை. அவர்களுட் சிலரின் குடும்பத்தினர் 2002ஆம் ஆண்டில் மனுத் தாக்கல் செய்தனர், முடிவு கிட்டவில்லை. 2017ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் மீண்டும் மனுக்கள் வந்தன. மனுதாரர் பக்கம் தோன்றியவர்களுள் குமாரவடிவேல் குருபரன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்ட விரிவுரையாளர். இராணுவம் எழுதிய கடிதத்தைத் தொடர்ந்து, விரிவுரையாளராயிருந்துகொண்டு நீதிமன்றிற் தோன்றலாகாது என 2019ஆம் ஆண்டில் அவருக்குத் தடை வந்தது. 2020ஆம் ஆண்டில் அவர் விரிவுரைப் பதவியைத் துறந்தார். சட்டம் கற்பிப்பவர் சட்டத்தைப் பயன்படுத்தினால் என்ன நேரும் என்பதை மாணவர்கள் அன்று கண்டனர். நாவற்குழிக்கு அயலிலுள்ள செம்மணியிலே, 2025ஆம் ஆண்டு சித்துப்பாத்தி மயானத்தை நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்ந்தபொழுது, 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவை யாருடையவை என்பதை அறிவியலே சொல்லவேண்டும். அவசரப்பட்டு நாம் பெயர் சூட்டலாகாது. ஆயினும் 'உடலைக் கொணர்க' என்னும் இலத்தீன் சொல்லுக்கு மண் இவ்வாறு விடை தருமென்று எவர் எண்ணியிருப்பார்?

வன்னியிலும் அவ்வாறே. 2009 மே மாதம் போர் முடிந்த நாட்களிற் படையினரிடம் சரணடைந்தோரைப் பற்றி, அவர்தம் மனைவியரும் பெற்றோரும் 2013ஆம் ஆண்டில் வவுனியா மேல் நீதிமன்றத்தை நாடினர். அனந்தி சசிதரன் அவர்களுள் ஒருவர். விசாரணை முல்லைத்தீவு நீதவானிடம் சென்று, அறிக்கையாகத் திரும்பி, 2022 டிசம்பரிலே கட்டளையாக முடிந்தது. சரணடைந்தோரை நீதிமன்றில் முன்னிலைப்படுத்த வேண்டுமென்று மேல் நீதிமன்றம் இராணுவத்துக்குக் கட்டளையிட்டது. கட்டளை வந்ததே பெரிது. ஆனால் மனுவிலிருந்து கட்டளை வரை ஒன்பது ஆண்டுகள்! 1937இல் ஒரு மாதத்துக்குள் முடிந்த வேலை இது.

செய்ய வேண்டுவன

நாட்டின் பாதுகாப்புக்கு இடையூறு நேர்ந்தபொழுது அரசுக்கு அசாதாரண அதிகாரம் வேண்டாமா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது. குண்டு வெடிக்கும் நகரில் அதிகாரி ஒருவர் விரைந்து செயற்பட வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் ஆட்கொணர்வு எழுத்தாணை அவர் கையைக் கட்டுவதில்லை. பிடிக்காதே என்று அது சொல்வதில்லை. பிடித்தபின் கணக்குச் சொல் என்றே கேட்கிறது. பிடித்தவனிடம் பெயரும் திகதியும் காரணமும் எழுதிய பதிவேடு இருப்பின் விடை கூற அரைநாள் போதும். விடை கூற அஞ்சும் காவலே நாட்டுக்கு உண்மையான ஆபத்து. மக்கள் நம்பிக்கையை அழித்து அடுத்த தலைமுறையின் பகையை அதுவே விளைக்கிறது.

ஆகவே எனக்குத் தோன்றுவன இவை. முதலாவது, காலம். ஆட்கொணர்வு மனு ஏனைய வழக்குகளின் வரிசையில் நிற்கும் வழக்கன்று. விசாரணைக்கும் நீதவானின் அறிக்கைக்கும் சட்டமே நாட்கணக்கில் எல்லை விதித்தல் வேண்டும். இரண்டாவது, நிரூபிக்கும் பாரம். இன்னார் பிடித்தனர் என்பதற்கு நம்பத்தக்க சாட்சி வந்துவிட்டால், பின்னர் நேர்ந்ததைச் சொல்லும் பொறுப்பு பிடித்தவர் தலையில் ஏறவேண்டும். திக்வெல்லைத் தீர்ப்பின் நெறி விதிவிலக்காக நில்லாது பொதுவிதியாதல் வேண்டும். மூன்றாவது, பதிவேடு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் ஒருவரைக் கைது செய்தால் 48 மணித்தியாலத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கும்படி 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. அறிவிக்கத் தவறியவர் அத்தவறுக்கே தண்டனை பெறுவாரெனின், மறுக்கப்படும் கைதுகள் குறையும். வலிந்து காணாமற்போகச் செய்தலைக் குற்றமாக்கிய 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் ஏட்டோடு நிற்காமல் இயங்க வேண்டும்.

நீதிமன்றங்களும் நாடாளுமன்றமும் செய்யவேண்டியன இவை. ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மனுவொன்றின் உயிர்நாடி சத்தியக்கடதாசியில் உள்ள விவரமே: எந்த நாள், எந்நேரம், எந்தச் சந்தி, என்ன வாகனம், எந்த முகாம், கண்டவர் யார், எவரிடம் முறையிட்டது, அவர் தந்த துண்டு எங்கே. என்னிடம் வந்த தாய்மாரிற் பலர் இவற்றை மனத்தில் மாத்திரமே வைத்திருந்தனர். சிலர் இடப்பெயர்வில் எல்லாக் கடிதங்களையும் இழந்திருந்தனர். 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடங்கிய போராட்டத்திற் படங்களை ஏந்தி அமர்ந்த முதியோருட் பலர் விடை காணாமலே கண்மூடிவிட்டனர். அவர்களோடு சாட்சியமும் மறைகிறது.

எழுதப் படிக்கத் தெரிந்த நாம், நம் ஊரில் எஞ்சியிருக்கும் தாய்மாரிடம் சென்று, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே, திகதியும் இடமும் குறித்து எழுதி, வாசித்துக் காட்டி, ஒப்பம் பெற்று வைப்போமாக. ஒரு பிரதி அவர்கள் கையிலும் ஒரு பிரதி சட்டத்தரணி ஒருவர் கையிலும் இருக்கட்டும். அடுத்த விடுமுறையில் மாணவர் சிலர் இப்பணியைத் தொடங்கினாலும் நல்லது. நீதிமன்றம் கேட்கும் நாளில் விடை எழுத்தில் இருக்க வேண்டும்.